தலைமுடி அல்ல, வயிற்றின் நுனி: நியோபால்பா டொனால்டுட்ரம்பி என்ற நுண் அந்துப்பூச்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

2017 ஜனவரி 17 அன்று ‘ஜூகீஸ்’ என்ற விலங்கியல் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. தெற்குக் கலிஃபோர்னியாவிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவிலும் வாழும் ஒரு சிறிய அந்துப்பூச்சியைப் புதிய சிற்றினமாக அறிவித்தது அந்தக் கட்டுரை. எழுதியவர் கனடாவின் ஒட்டாவாவைச் சேர்ந்த பரிணாம உயிரியலாளர் வாஸ்ரிக் நசாரி. இந்த வகைக் கட்டுரைகளைத் துறைக்குள் இருக்கும் சிலர் படிப்பார்கள், மேற்கோள் காட்டுவார்கள், அத்தோடு சரி. இதற்கு அப்படி நடக்கவில்லை. மூன்று நாளில் அமெரிக்க அதிபராகப் பதவியேற்கவிருந்தவரின் பெயரைப் பூச்சி சுமந்திருந்தது. தலையில் மஞ்சள் கலந்த வெண்ணிறச் செதில்கள் அடர்ந்திருந்த பூச்சியின் படத்தையும் டொனால்டு ட்ரம்ப்பின் படத்தையும் அருகருகே வைத்துப் பத்திரிகைகள் போட்டி போட்டு வெளியிட்டன.

படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு, அந்தத் தலைச் செதில்களால்தான் இது புதிய சிற்றினமாகிவிட்டது என்று தோன்றியிருக்கும். செதில்கள் பெயருக்கு ஒரு காரணமாக இருந்தன, அவ்வளவுதான். சிற்றினம் என்ற தீர்ப்பு நின்றது வேறு இடத்தில்: பூச்சியின் வயிற்று நுனிக்குள் இருக்கும் இனப்பெருக்க உறுப்புகளிலும், அதன் உயிரணுக்களில் உள்ள மரபணு எழுத்துகளிலும், முன்பு ஒருவர் விவரித்து வைத்திருந்த உறவுக்காரப் பூச்சியோடு செய்த ஒப்பீட்டிலும். ஒரு நுண் அந்துப்பூச்சியைப் ‘புதியது’ என்று சொல்ல எவ்வளவு வேலை இருக்கிறது என்பதைப் பார்க்க இந்த நிகழ்வு நல்ல வாய்ப்பு. இந்த அளவுக்குப் பேசப்பட்ட வேறொரு நுண் அந்துப்பூச்சியைச் சொல்வதும் கடினம்.

இரண்டே ஆண் பூச்சிகள்

கதை 1998-இல் தொடங்குகிறது. செக் நாட்டுப் பூச்சியியலாளர் தாலிபோர் பொவொல்னி, லாஸ் ஏஞ்சலிஸ் கரைக்கு அப்பால் உள்ள சாண்டா கேட்டலினா தீவிலிருந்து கிடைத்த இரண்டு ஆண் பூச்சிகளை ஆராய்ந்தார். ஏற்கெனவே தெரிந்த எந்தப் பேரினத்துக்குள்ளும் அவை பொருந்தவில்லை. நியோபால்பா என்ற புதிய பேரினத்தை உருவாக்கி, அதற்குள் நியோபால்பா நியோனாட்டா என்ற ஒரே சிற்றினத்தை வைத்தார். பெண் பூச்சி எப்படி இருக்கும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

இரண்டே பூச்சிகளை வைத்து ஒரு பேரினமா என்று கேட்கத் தோன்றும். இந்தத் துறையில் அது அரிதான காரியம் அல்ல. கிடைத்ததை வைத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. எழுதாமல் விட்டால் அடுத்து வருபவருக்கு ஒப்பிட எதுவுமே இருக்காது. பொவொல்னியின் கட்டுரை இல்லையென்றால் நசாரியின் கட்டுரையும் இல்லை. வகைப்பாட்டியலில் புதியதைச் சொல்பவர் எப்போதும் பழையதைச் சொன்னவரின் தோளில் நின்றுதான் பேசுகிறார்.

நியோபால்பா சேர்ந்திருக்கும் ஜெலிகியிடே குடும்பம் பெரியது. இதுவரை பெயரிடப்பட்டவை மட்டும் 4,500 சிற்றினங்களைத் தாண்டும். பருத்தியைத் தாக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு, உருளைக்கிழங்கைத் துளைக்கும் அந்துப்பூச்சி, தக்காளி இலைக்குள் சுரங்கம் போடும் டூட்டா அப்சலூட்டா எல்லாம் இந்தக் குடும்பத்தினர்தான். விளைச்சலைக் கெடுப்பவற்றை நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறோம். யாருக்கும் நட்டம் செய்யாமல் பாலைச் செடிகளுக்கு நடுவே வாழ்ந்துவிட்டுப் போகும் மற்றவற்றைக் கவனிக்க ஆள் இல்லை. குடும்ப அடையாளங்கள் ஓரளவு தெளிவானவை. தலைக்கு முன்னால் இரு உதட்டு உணர்நீட்சிகள் மேல்நோக்கி வளைந்து கூராக முடியும். பின்னிறக்கையின் வெளி ஓரம் நுனிக்குக் கீழே உள்வாங்கி, நுனி மட்டும் விரல்போல நீண்டிருக்கும். ஆக, ஒரு பூச்சியைக் குடும்பத்துக்குள் வைப்பது அவ்வளவு கடினமில்லை. சிற்றினம் வரை போவதில்தான் சிக்கல்.

பெட்டிக்குள் இருந்த புதியது

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் உள்ள போஹார்ட் பூச்சியியல் அருங்காட்சியகத்திலிருந்து இரவல் வாங்கிய மாதிரிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் நசாரி இந்தப் பூச்சியைக் கவனித்தார். காட்டுக்குள் அலைந்து, வலை வீசி, ‘இதோ!’ என்று கூவும் காட்சி எதுவும் இதில் இல்லை. யாரோ எப்போதோ பிடித்து, ஊசியில் குத்தி, சீட்டு எழுதிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போன பூச்சி, சரியான கண்கள் வந்து பார்க்கும்வரை அங்கேயே இருந்தது.

இது விதிவிலக்கு அல்ல. பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஒரு கணக்குப்படி, ஓர் உயிரி சேகரிக்கப்படுவதற்கும் புதிய சிற்றினமாக விவரிக்கப்படுவதற்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் கழிகின்றன. அந்த இடைவெளியில் காடு வீட்டுமனையாகியிருக்கலாம், சேகரித்தவர் காலமாகியிருக்கலாம். ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல்லைக் கேட்டதும் பயணத்தையும் சாகசத்தையும் நினைப்பது நம் வழக்கம். இங்கே கண்டுபிடிப்பு நடப்பது பெரும்பாலும் மேசையின் மேல்தான்.

தெற்குக் கலிஃபோர்னியா ஆளரவமற்ற மழைக்காடு அல்ல. பெருநகரங்களும் பல்கலைக்கழகங்களும் நிறைந்த, உயிரியலாளர்கள் நன்றாக அலசிவிட்டதாக எண்ணப்படும் நிலம். அங்கேயே பெயரில்லாமல் ஒன்று பறந்துகொண்டிருந்தது. நசாரி தம் கட்டுரையில் அழுத்திச் சொன்னதும் இதைத்தான்: வட அமெரிக்காவில் சிறிய உயிரினங்களைச் சிற்றின அளவில் ஆராய்வதில் ஆர்வம் குன்றியிருக்கிறது. என் பார்வையில் கட்டுரையின் மிக முக்கியமான வரி அதுதான். பத்திரிகைகள் அதை எடுத்துப் போடவில்லை என்பதில் வியப்பும் இல்லை.

அளவும் ஒரு காரணம். இறக்கைகளை விரித்தால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். வெளிச்சப் பொறியில் விழும் நூற்றுக்கணக்கான பூச்சிகளில் இவை தூசியோடு தூசியாகக் கிடக்கும். சாதாரண பூச்சி ஊசி இவற்றின் மார்பைப் பிளந்துவிடும் என்பதால் தலைமயிர் அளவு மெல்லிய நுண்ணூசியில் குத்தி, அந்த ஊசியைச் சிறு கட்டையில் செருகி, கட்டையைப் பெரிய ஊசியில் ஏற்ற வேண்டும். விரல் பட்டாலே இறக்கைச் செதில் உதிரும். செதில் உதிர்ந்தால் நிறமும் கோலமும் போய்விடும். நியோபால்பா டொனால்டுட்ரம்பியின் முன்னிறக்கையில் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறமும் பழுப்பும் இருக்கின்றன. நல்ல நிலையில் உள்ள மாதிரியில் அது அழகாகவே தெரியும். பல நாள் பறந்து தேய்ந்துபோன பூச்சியில் அதே நிறத்தை நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

வயிற்றைத் திறந்து பார்த்தல்

அதனால்தான் நுண் அந்துப்பூச்சி ஆய்வாளர்கள் இறக்கையோடு நிற்பதில்லை. நிறம் ஏமாற்றும், கோலம் ஏமாற்றும். இனப்பெருக்க உறுப்புகளின் வடிவம் அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை. நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களிடையேகூட அங்கே பளிச்சென்ற வேறுபாடு இருப்பது வழக்கம். 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லெயோன் டுஃபோர், ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் பூட்டும் சாவியும் போலப் பொருந்துவதால்தான் சிற்றினங்கள் கலப்பதில்லை என்றார். அந்த விளக்கத்தை இன்று பலர் முழுமையாக ஏற்பதில்லை. பெண் பூச்சியின் தேர்வும் ஆண்களுக்கிடையேயான போட்டியும்தான் இந்த வேறுபாடுகளை வேகமாக வளர்க்கின்றன என்பார்கள். காரணம் எதுவானாலும், அடையாளம் காண்பவருக்கு இது கைகொடுக்கிறது.

செய்முறையைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். காய்ந்த பூச்சியின் வயிற்றுப் பகுதியை மட்டும் நுண் இடுக்கியால் மெல்ல மேல்நோக்கி நெம்பினால் அது மார்பிலிருந்து கழன்று வரும். அதைச் சிறு குழாயில், சுமார் 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டுச் சூடாக்குவார்கள். தசையும் கொழுப்பும் கரைந்து, கைட்டினால் ஆன கடினப் பகுதிகள் மட்டும் எஞ்சும். நேரம் குறைந்தால் தசை ஒட்டிக்கொண்டு உருவத்தை மறைக்கும். கூடினால் மெல்லிய சவ்வுகளும் சேர்ந்து கரைந்துபோகும். பிறகு நீரில் வைத்து, மென்மயிர்த் தூரிகையால் வெளிச் செதில்களை ஒதுக்கி, வயிற்று நுனியிலிருந்து உறுப்புத் தொகுதியை வெளியே இழுப்பார்கள். சாயமேற்றிய பின்னர்தான் மங்கிய சவ்வுகள் கண்ணுக்குத் தெரியும்.

ஆண் பூச்சியாக இருந்தால், உருப்பெருக்கியின் கீழ் இரு பக்கமும் கைகள்போல் விரியும் பற்றுறுப்புகளும், மேலே கொக்கி வடிவப் பகுதியும், நடுவே விந்தைச் செலுத்தும் குழலும் தெரியும். குழலைத் தனியே உருவி எடுத்துப் பக்கத்தில் வைப்பார்கள்; உள்ளே முள் இருக்கிறதா, எத்தனை, எந்தப் பக்கம் வளைகிறது என்பதெல்லாம் சான்றுகள். எல்லாவற்றையும் கண்ணாடித் தகட்டில் பிசினுக்குள் நிலைநிறுத்தி, தகட்டுக்கு ஓர் எண் கொடுத்து, அதே எண்ணைப் பூச்சியின் ஊசியிலும் ஒரு சீட்டாகச் செருக வேண்டும். அந்த எண் தொலைந்தால் உடல் ஒரு பக்கம், சான்று இன்னொரு பக்கம் என்று இரண்டும் அனாதையாகிவிடும். இந்த வேலையில் மிக அலுப்பான பகுதி சீட்டு எழுதுவதுதான்; மிக முக்கியமானதும் அதுவே.

நசாரியின் ஒப்பீட்டில் வேறுபாடு இங்கே துலங்கியது. பொவொல்னி விவரித்த நியோனாட்டாவோடு ஒப்பிட்டால், புதிய பூச்சியின் இனப்பெருக்க உறுப்புகள் சிறியவை. இதை வைத்துச் செய்தித்தாள்கள் அடித்த கிண்டலைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் உறுப்பின் அளவை மட்டும் வைத்துச் சிற்றினம் பிரிப்பது ஆபத்து. புழுப் பருவத்தில் உணவு குறைந்தால் பூச்சியே சிறுத்துப் பிறக்கும். வடிவமும் மாற வேண்டும், அந்த மாற்றம் பல மாதிரிகளில் மாறாமல் திரும்ப வர வேண்டும், முடிந்தால் உடலமைப்பைச் சாராத ஒரு சான்றும் அதே முடிவைச் சொல்ல வேண்டும்.

658 எழுத்துகள்

அந்தச் சாராத சான்றுதான் டி.என்.ஏ. பார்கோடு. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபெர்ட் 2003-இல் முன்வைத்த முறை இது. விலங்குகளின் மைட்டோகாண்ட்ரியாவில் (உயிரணுவுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பில்) உள்ள சி.ஓ.ஐ. என்ற மரபணுவில் 658 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் படித்து, உலகெங்கும் சேகரித்த அதே துண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். காய்ந்த பூச்சியின் ஒரு காலைக் கழற்றினால் போதும். மிகப் பழைய மாதிரியில் டி.என்.ஏ. துண்டு துண்டாக உடைந்திருக்கும். அப்போது முழு நீளமும் கிடைக்காது.

இந்த நிகழ்வில் பார்கோடு இரண்டு வேலை செய்தது. முதலாவது, தெற்குக் கலிஃபோர்னியா, பாஹா கலிஃபோர்னியா பூச்சிகள் நியோனாட்டாவிலிருந்து தெளிவாகப் பிரிந்து நிற்பதைக் காட்டியது. உடலமைப்புச் சொன்னதை மரபணுவும் சொன்னது. இரண்டாவது வேலை எனக்கு இன்னும் சுவையாகத் தோன்றுகிறது. 1998 முதல் பெண் பூச்சியே தெரியாமல் இருந்த நியோனாட்டாவுக்கு, பார்கோடு பொருத்தத்தின் மூலம் ஒரு பெண் பூச்சி அடையாளம் காணப்பட்டது. அதே கட்டுரையில் நசாரி அதையும் முதன்முறையாக விவரித்தார். ஆணும் பெண்ணும் ஒன்றுபோல் இல்லாத பூச்சிகளில், இணைசேரும்போது பிடித்தால் தவிர, அல்லது ஒரே தாயின் முட்டைகளை வளர்த்துப் பார்த்தால் தவிர, இது இன்னாரின் துணை என்று உறுதியாகச் சொல்ல வழியில்லாமல் இருந்தது. இப்போது ஒரு கால் அதைச் சொல்லிவிடுகிறது. அதிபரின் பெயர் இல்லாமலே அந்தக் கட்டுரை படிக்கத் தகுந்ததுதான் என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆனாலும் பார்கோடு ஒன்றே நீதிபதி ஆகிவிட முடியாது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டும் வருவது. பூச்சிகளுக்குள் குடியிருக்கும் வொல்பேக்கியா போன்ற பாக்டீரியாக்கள் அதன் வரலாற்றைக் குழப்பிவிடும். ஒரே சிற்றினத்துக்குள் இரண்டு வெவ்வேறு குறியீடுகள் தெரிவதுண்டு, இரண்டு சிற்றினங்கள் ஒரே குறியீட்டைப் பகிர்வதும் உண்டு. 2021-இல் கோஸ்டாரிக்காவின் ஒட்டுண்ணிக் குளவிகளில் 403 புதிய சிற்றினங்களை, பெரும்பாலும் பார்கோடையும் ஒரு படத்தையும் மட்டும் வைத்து ஒரே கட்டுரையில் அறிவித்தார்கள். அதை ஆதரித்தவர்கள், காடு அழியும் வேகத்துக்கு வேறு வழியில்லை என்றார்கள். எதிர்த்தவர்கள், பிறர் கண்ணால் சரிபார்க்க முடியாத விவரணை விவரணையே அல்ல என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. என்னைக் கேட்டால், உடலமைப்பும் மரபணுவும் சேர்ந்து பேசும் நியோபால்பா வழியே நீண்டநாள் தாங்கும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ‘புதியது’ என்று சொல்ல உள்ளூர்ப் பட்டியலோடு ஒப்பிட்டால் போதாது. மேற்கு லண்டனில் 2012-இல் ஒரு வீட்டுத் தோட்டத்தில் கிடைத்த சிறு அந்துப்பூச்சி எந்தப் பிரிட்டிஷ் பட்டியலிலும் இல்லை. டாகிஸ்டோலா பேரினத்தைச் சேர்ந்த அதன் பூர்வீகம் மேற்கு ஆஸ்திரேலியா என்று கண்டறிந்த பிறகே 2021-இல் புதிய சிற்றினமாக விவரித்தார்கள். செடியோடும் சரக்கோடும் பூச்சிகள் கண்டம் தாண்டும் காலத்தில், பிடிபட்ட இடத்தைச் சொந்த ஊர் என்று எழுதிவிடக் கூடாது.

பெயரும் விதியும்

விலங்குகளின் பெயர்களை அனைத்துலக விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பு கட்டுப்படுத்துகிறது. சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயசின் ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலின் 1758-ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்குத் தொடக்கப் புள்ளி. இப்போது நடைமுறையில் இருப்பது 2000 முதல் செல்லும் நான்காம் பதிப்பு. இதன்படி, புதிய சிற்றினத்தை அறிவிப்பவர் பெயரை மட்டும் சொன்னால் போதாது. வேறுபடுத்தும் அடையாளங்களைச் சொல்ல வேண்டும். ஹோலோடைப் எனப்படும் முதன்மை மாதிரியைக் குறிப்பிட்டுக் காட்ட வேண்டும்; இன்றைய நடைமுறையில் அது ஒரே ஒரு பூச்சி. பிற்காலத்தில் எவருக்கு ஐயம் வந்தாலும் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டியது அந்த ஒற்றை உடலைத்தான். படம், வரைபடம், பார்கோடு எல்லாம் அதற்குத் துணை.

பெயர் என்னவாக இருக்க வேண்டும் என்பதில் விதித்தொகுப்பு பெரிதாகத் தலையிடுவதில்லை. ஆணின் பெயரைச் சூட்டினால் இறுதியில் ‘இ’ வரும். பெண்ணின் பெயரென்றால் ‘ஏ’. யாரையும் புண்படுத்தும் பெயர் வேண்டாம் என்று ஒரு பரிந்துரை இருக்கிறது, அவ்வளவே. சூட்டிய பெயரைப் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்ற முடியாது. ஸ்லோவேனியாவின் குகைகளில் வாழும் கண்ணில்லா வண்டு ஒன்று இன்றும் ஹிட்லரின் பெயரைச் சுமக்கிறது. அந்தப் பெயருக்காகவே அதைக் காசு கொடுத்து வாங்குபவர்களால் வண்டுக்குத்தான் தொல்லை. அறநெறிக் காரணங்களுக்காகப் பெயர்களை மாற்றும் வேலையில் இறங்குவதில்லை என்று விதித்தொகுப்பை வெளியிடும் பெயரிடல் ஆணையம் 2023-இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

நசாரி தம் காரணத்தை மறைக்கவில்லை. தலைச் செதில்கள் ட்ரம்ப்பின் முடியலங்காரத்தை ஒத்திருக்கின்றன என்றும், இன்னும் பெயரிடப்படாத எத்தனையோ உயிர்கள் வாழும் நொய்மையான வாழிடங்களைத் தொடர்ந்து காக்க வேண்டும் என்பதில் பொதுமக்கள் கவனத்தைத் திருப்பவே இந்தப் பெயர் என்றும் எழுதினார். முந்தைய அதிபர் ஒபாமாவின் பெயரை ஏற்கெனவே இப்படிப் பல உயிரினங்கள் சுமந்தன. ஹவாய்த் தீவுகளின் பாப்பஹானவ்மொகுவாகேயா கடல் காப்பகத்தை ஒபாமா 2016 ஆகஸ்டில் விரிவாக்கினார்; அங்கே கண்டறிந்த ஒரு மீனுக்கு டிசம்பரில் டோசனாய்டஸ் ஒபாமா என்று பெயர் வைத்தார்கள். அந்த மீனின் பெயர், செய்து முடித்த காரியத்துக்கு நன்றி. அந்துப்பூச்சிப் பெயரோ, செய்யச் சொல்லி வைத்த மனு.

மனு பலித்ததா? 2017 டிசம்பரில், யூட்டா மாநிலத்தின் பேர்ஸ் இயர்ஸ் தேசியச் சின்னப் பகுதி என்ற பாதுகாக்கப்பட்ட நிலத்தை ட்ரம்ப் ஏறத்தாழ 85 விழுக்காடு சுருக்கினார். 2021-இல் அடுத்த அதிபர் அதைப் பழைய எல்லைக்கே மீட்டார். ஒரு பூச்சியின் பெயரால் எந்தக் கொள்கையும் மாறும் என்று நசாரியே நம்பியிருக்க மாட்டார். அவர் கேட்டது கவனம், அது கிடைத்தது. கிடைத்த கவனத்தில் பெரும்பகுதி முடிமேல் போய்விட்டது, பூச்சி வாழும் நிலத்தின் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை என்பதே என் குறை. இருந்தாலும், பெயரில்லாத பூச்சி ஒன்று கலிஃபோர்னியாவிலேயே இருக்கிறது என்ற செய்தி ஓரிரு வரியாவது ஏராளமானோரை எட்டியது. வேறெந்தப் பெயர் வைத்திருந்தாலும் அது நடந்திருக்காது. அதனால் இந்தப் பெயரிடலை மலிவான விளம்பரம் என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை.

இனிமேல் என்ன செய்ய வேண்டும்

சிற்றினம் என்பது ஒரு கருதுகோள். நியோபால்பா டொனால்டுட்ரம்பிக்கும் அதே விதிதான். இதே பூச்சியை யாராவது முன்பே வேறு பெயரில் விவரித்திருந்தார்கள் என்று நாளைக்குத் தெரியவந்தால், முந்தைய பெயரே நிற்கும். அதிபரின் பெயர் இணைப்பெயர்ப் பட்டியலுக்குப் போய்விடும். பாஹா கலிஃபோர்னியாவின் தென்கோடி வரை கூடுதல் மாதிரிகள் கிடைத்து, உறுப்பின் வடிவமும் மரபணுவும் நியோனாட்டாவை நோக்கிப் படிப்படியாக மாறுவதாகத் தெரிந்தால், இரண்டையும் ஒன்றாக்க வேண்டும் என்று ஒருவர் வாதாடலாம். எதிர்ப்பக்கமாக, இன்றைக்கு ஒன்றாகத் தெரிவது இரண்டாகப் பிரியவும் கூடும். கோஸ்டாரிக்காவில் அஸ்ட்ராப்டெஸ் ஃபுல்ஜெரேட்டர் என்ற ஒரே வண்ணத்துப்பூச்சியாக எண்ணியதற்குள் பத்துச் சிற்றினங்கள் இருப்பதாக 2004-இல் காட்டியது பார்கோடும், புழுக்களின் உணவுச் செடிகளும் சேர்ந்துதான்.

வெளிச்சத்துக்கு வந்து விழுந்த பூச்சிகளை மட்டும் வைத்து விவரிக்கும்போது பூச்சியின் வாழ்க்கையில் கடைசிச் சில நாட்கள்தான் கையில் கிடைக்கின்றன. ஜெலிகியிடே குடும்பத்தில் புழுக்கள் பெரும்பாலும் இலைகளைப் பட்டிழையால் கட்டியோ, தண்டைத் துளைத்தோ, இலைக்குள் சுரங்கம் போட்டோ வாழ்கின்றன. பல சிற்றினங்கள் ஒன்றிரண்டு செடி வகைகளைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. அந்தச் செடியைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பூச்சியின் வாழிடத்தைக் காப்பாற்றுவது எப்படி? பூச்சி வாழும் நிலத்துச் செடிகளில் புழுக்களைத் தேடி எடுத்து, செடியோடு சேர்த்து வளர்த்து, வெளிவரும் பூச்சிகளின் ஒரு காலைப் பார்கோடுக்கும் வயிற்றைக் கண்ணாடித் தகட்டுக்கும் அனுப்புவதே அடுத்த வேலை. எல்லைக்கு இருபுறமும் அதைச் செய்ய வேண்டும், இரு நாட்டு அனுமதிச் சீட்டுகளோடு.